வேளிக் காயலில் மிதந்த பெரணி: ஆப்ரிக்கன் பாயல் குறித்த எழுபது ஆண்டு விவாதம்

திருவனந்தபுரத்தின் மேற்கு ஓரத்தில், தும்பாவுக்குத் தெற்கே, ஒரு மணல்திட்டால் கடலிலிருந்து பிரிந்து கிடக்கிறது வேளிக் காயல். சால்வீனியா மோலெஸ்டா என்ற மிதக்கும் பெரணி இந்தியாவில் முதன்முதலாகக் கண்ணில் பட்டது இங்கேதான், 1955இல் என்று களைத்தாவர இலக்கியம் குறிக்கிறது. கேரள மாநிலமே அடுத்த ஆண்டுதான் பிறந்தது. 1964 முதல் அது தீங்குக் களையாகக் கணக்கில் வந்தது. அதன்பின் குட்டநாட்டு வாய்க்கால்களில் வள்ளம் நகரவில்லை, பாடசேகரங்கள் எனப்படும் நெல்வயல் தொகுதிகளில் விதைப்பு தள்ளிப்போனது. ஊர் அதற்கு ‘ஆப்ரிக்கன் பாயல்’ என்று பெயர் வைத்தது.

இந்தச் செடி என்ன, எங்கிருந்து வந்தது, எதனால் அடங்கியது என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுபது ஆண்டுகளாகப் பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாகப் படித்தால் வகைப்பாட்டியல், தாவரப் பரவலியல், பூச்சியியல் என மூன்று துறைகளின் செய்திகளாகத் தோன்றும். சேர்த்துப் படித்தால் முதல் கேள்வியில் நேர்ந்த பிழைக்கு மூன்றாம் கேள்வி பல ஆண்டுகளை விலையாகக் கொடுத்தது தெரியும். அந்தக் கோணத்திலிருந்து இக்கட்டுரை விவாதத்தைத் திரும்பப் பார்க்கிறது.

பாசி அல்ல, பெரணி

மலையாளத்துப் பாயலும் தமிழின் பாசியும் ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்கள். நீரின் மேல் பச்சையாகப் படரும் எதையும் இரு மொழிகளும் அப்படித்தான் அழைக்கின்றன. தாவரவியலில் சால்வீனியா பாசி இல்லை. பூக்காத, விதை தராத பெரணிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் நெல்வயல்களில் உரமாக விடப்படும் அஸோலா இதற்கு மிக நெருங்கிய உறவு. ஃப்ளாரன்ஸ் நகரில் கிரேக்கம் கற்பித்த அந்தோனியோ மரியா சால்வீனியின் நினைவாகப் பேரினத்துக்கு இப்பெயர் வந்தது. உலகில் ஏறத்தாழ ஒரு டஜன் இனங்கள்; பெரும்பாலானவை தென், மத்திய அமெரிக்காவைச் சேர்ந்தவை. இந்தியாவுக்கு இயல்பாக உரியவை இரண்டு: காஷ்மீரத்து தால் ஏரியில் மிதக்கும் நாட்டன்ஸ்; வங்காளம், அஸ்ஸாம் பக்கத்துக் குளங்களில் காணும் குகுல்லாட்டா. இரண்டாவதன் இலை காது மடல்போல் குவிந்திருக்கும். வங்காளிகள் அதை எலிக்காதுப் பாசி என்கிறார்கள். தக்காண எரிமலைப் பாறை அடுக்குகளுக்கு இடைப்பட்ட படிவுகளில் இப்பேரினத்தின் புதைபடிவங்களும் கிடைத்திருக்கின்றன. ஆகவே சால்வீனியா இந்தியாவுக்குப் புதியதல்ல. புதியது அதன் ஓர் இனம்.

உடலமைப்பு விசித்திரமானது. கிடைத்தண்டின் ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலைகள். இரண்டு மேலே மிதக்கும். மூன்றாவது நார்நாராகப் பிளந்து நீருக்குள் தொங்கும். கையில் எடுத்துப் பார்ப்பவர் அதை வேர் என்றே சொல்வார், ஆனால் இச்செடிக்கு வேரே கிடையாது. இலைதான் வேரின் வேலையையும் பார்க்கிறது.

மிதக்கும் இலையைக் கைக்கண்ணாடியில் பார்த்தால் மேற்பரப்பு முழுக்க வரிசை வரிசையாக மயிர்கள். ஒவ்வொரு காம்பின் உச்சியிலும் நான்கு இழைகள் பிரிந்து, வெளிப்புறம் வளைந்து, நுனியில் மீண்டும் ஒன்றுகூடுகின்றன. முட்டை அடிக்கும் கம்பிக் கரண்டி போன்ற வடிவம். இலையைத் தண்ணீருக்குள் அழுத்தினால் வெள்ளித்தகடாய் மினுங்கும். கையை எடுத்தால் மேலே வந்து ஈரம் ஒட்டாமல் நிற்கும். மயிர்க்காட்டுக்குள் காற்று சிறைபட்டிருப்பதே காரணம். இதில் ஒரு முரண் இருப்பதை 2010இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் பார்த்லாட் குழுவினர் விளக்கினர்: மயிர் முழுதும் மெழுகு பூசி நீரைத் தள்ள, நான்கு இழைகளும் கூடும் அந்த நுனி மட்டும் மெழுகில்லாமல் நீரைப் பிடித்துக்கொள்கிறது. நீர்ப்பரப்பை நுனிகள் ஊசிபோல் குத்தி நிறுத்துவதால் காற்றுப்படலம் எளிதில் கலைவதில்லை. கப்பல் அடிப்பாகங்களில் உராய்வைக் குறைக்க இதைப் பின்பற்றும் ஆய்வுகள் நடக்கின்றன. குட்டநாட்டு வள்ளக்காரர்களுக்கு இது ஆறுதல் தருமா என்பது வேறு விஷயம்.

இடம் தாராளமாக இருந்தால் இலை சிறியது, தட்டையானது. நெருக்கம் கூடக்கூட இலைகள் பெருத்து, நடுவில் மடிந்து, செங்குத்தாக எழும்பும். ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி ஏறக்குறைய ஒரு மீட்டர் தடிமன்வரை மெத்தையாகும். ஒரே செடியின் இந்தப் பல உருவங்கள்தாம் அடையாளக் குழப்பத்துக்கு முதல் விதை போட்டன.

பெயர் தெரியாத பகை

1950களிலும் 60களிலும் இலங்கை, கேரளம், ஆப்பிரிக்கா மூன்றிலும் இக்களைக்கு அறிவியல் கட்டுரைகள் வைத்த பெயர் சால்வீனியா ஆரிகுலாட்டா. பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஓப்லே 1775இல் கயானாவிலிருந்து விவரித்த இனம் அது. முட்டைக்கரண்டி மயிர் இரண்டுக்கும் உண்டு என்பதால் பிழை எளிதில் நேர்ந்தது.

முதல் ஐயம் குரோமோசோமிலிருந்து வந்தது. பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் லோயல், கிரேவால் இருவரும் 1966இல் இச்செடியின் மலட்டுத்தன்மை பற்றி வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. தலைப்பில் அவர்களும் ஆரிகுலாட்டா என்றே எழுதினார்கள். இப்பேரினத்தின் அடிப்படை எண் 9; இக்களைக்கோ 45, அதாவது ஐந்து தொகுதிகள். ஒற்றைப்படையில் நிற்கும் தொகுதிகள் ஒழுங்காக இணைசேர முடியாததால் ஸ்போர் உருவாக்கம் குலைகிறது. நீருக்குள் தொங்கும் இலையில் ஸ்போர்க்கனிகள் நீண்ட சரமாகக் காய்க்கும், உள்ளே பெரும்பாலும் வெறுமை அல்லது சிதைந்த ஸ்போர்கள். ஆண், பெண் ஸ்போர்களை வெவ்வேறாக உருவாக்கும் அபூர்வப் பெரணி வரிசையில் பிறந்து, பாலினப் பெருக்கத்தையே கைவிட்ட செடி இது. ஒரு துண்டு உடைந்தால் ஒரு செடி. கணக்குப்படி உலகெங்கும் மிதக்கும் கோடானுகோடிச் செடிகளும் மிகச் சில தாய்ச்செடிகளின் நீட்சியாகவே இருக்கலாம்.

1972இல் டேவிட் மிட்செல் ஆப்பிரிக்காவின் கரிபா ஏரிக் களையைத் தனி இனமாகப் பிரித்து ‘மோலெஸ்டா’ எனப் பெயரிட்டார். லத்தீனில் தொல்லை தருவது என்று பொருள். இது கலப்பினமாக, ஒருவேளை தோட்டத்தில் உருவானதாக இருக்கலாம் என்ற கருத்தும் அப்போது வலுவாக இருந்தது. 1978இல் ஆஸ்திரேலியாவின் வெண்டி ஃபார்னோவும் கென் ஹார்லியும் தென்கிழக்கு பிரேசிலில் இதை இயற்கைச் சூழலில் கண்டதோடு தோட்டப் பிறப்புக் கொள்கை தளர்ந்தது. தெற்கு அட்சரேகை 24க்கும் 32க்கும் இடைப்பட்ட கடலோரப் பகுதியே தாயகம் என்று ஃபார்னோ பின்னர் வரையறுத்தார். கலப்பினம் என்ற கருத்து மட்டும் மாறவில்லை. பெற்றோர் இனங்கள் எவை என்பதில்தான் இணக்கம் இல்லை. 1827இலேயே சூட்டப்பட்ட ‘அட்னாட்டா’ என்ற பெயர் இதே செடியைத்தான் குறிக்கிறது, முந்திய பெயரே செல்லும் என்ற வாதமும் உண்டு. இவ்வளவு தொல்லை தந்த செடிக்கு இன்னும் பெயர் முழுதாக நிலைபெறவில்லை என்பது வகைப்பாட்டியலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அடுத்து வரும் பகுதிகள் அந்த வேடிக்கையின் விலையைச் சொல்கின்றன.

ஆப்பிரிக்காவிலிருந்தா வந்தது?

‘ஆப்ரிக்கன்’ என்ற அடைமொழிக்கும் ‘கரிபா களை’ என்ற ஆங்கிலேயர் வழக்குக்கும் ஒரே பின்னணி. ஜாம்பெசி ஆற்றின் குறுக்கே கட்டிய கரிபா அணை 1958 டிசம்பரில் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே ஏரியில் களை தென்பட்டது. 1962இல் ஏறத்தாழ 1000 சதுர கிலோமீட்டர் பரப்பை மூடியது. உலகப் பத்திரிகைகளில் அந்தப் படங்கள் பரவின. எல்லோர் மனத்திலும் சால்வீனியா ஆப்பிரிக்கச் செடியாகிவிட்டது.

தேதிகளை அடுக்கிப் பார்த்தால் பெயர் பொருந்தாது. வேளிப் பதிவு 1955. கரிபா அதற்குப் பின். ஜாம்பெசியில் மேல்புறத்தில் முன்பே செடி இருந்தது உண்மைதான், ஆனாலும் அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு வழி காட்டும் சான்று எதையும் இக்கொள்கை முன்வைக்கவில்லை. தாயகம் தென் அமெரிக்கா என்று உறுதியான பிறகும் கேரளத்தில் பெயர் மாறவில்லை. ஊர்ப்பெயர்களுக்கு அறிவியல் திருத்தம் எட்டுவதில்லை.

அதைவிட வலுவானது இலங்கை வழி. 1939இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறைக்குப் பாடப்பொருளாக இச்செடி தருவிக்கப்பட்டது, அங்கிருந்து தப்பியது என்பது அங்குப் பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. 1950களின் நடுவில் இலங்கையின் தாழ்நில வயல்களில் அது பெரும் பிரச்சினையாகி, அரசு ரசாயன ஒழிப்பு இயக்கம் நடத்தியது. அதே ஆண்டுகளில் வேளியில் முதல் பதிவு. கால நெருக்கமும் கடல் நெருக்கமும் இந்தக் கருதுகோளுக்கு ஆதரவு. மீன்தொட்டி வணிகம், தாவரவியல் தோட்டங்கள், ஆய்வுக்கூட மாதிரிகள் என்று மற்றச் சாத்தியங்களும் பேசப்படுகின்றன. இவை ஒன்றையொன்று விலக்குவனவும் அல்ல. வித்தில்லாத செடி, உடைந்த துண்டே விதை என்பதால் ஒரு வாளித் தண்ணீர் போதும். ஒரு வாளி எந்தத் துறைமுகப் பதிவேட்டிலும் ஏறாது. இன்றைய நிலையில் இலங்கை வழியை ‘மிகப் பொருத்தமானது’ என்று சொல்லலாம், ‘நிரூபணமானது’ என்று சொல்வதற்கில்லை. கேரளச் செடிக்கும் இலங்கைச் செடிக்கும் மரபணு ஒப்பீடு செய்தாலும் இரண்டும் ஒரே நகலாக இருக்க வாய்ப்புள்ளதால், விடை எந்த அளவுக்குத் தெளிவாகும் என்பதும் ஐயமே.

நஞ்சு, கை, வெட்டுக்கிளி

கட்டுப்பாட்டு வரலாற்றின் முதல் இருபது ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். இலங்கையில் பென்டாகுளோரோஃபீனால் தெளித்தார்கள். கேரளத்தில் பாராகுவாட் முதலியவை சோதிக்கப்பட்டன. மேலடுக்கு கருகும், கீழடுக்கில் தப்பிய மொட்டு இரண்டு வாரத்தில் புறப்படும். குடிநீரும் மீனும் அதே நீரில். கையால் வாருவதும் நடந்தது. மலிவான கூலிக் காலத்திலும் ஹெக்டேருக்கு 235 ரூபாய் ஆனது என்று கேரள வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு சொல்கிறது. மேலும் வாரிக் கரையில் போட்டதை மழை திரும்ப வாய்க்காலுக்குள் தள்ளியது. எருவாக்கலாம், சாண எரிவாயுபோல எரிவாயு எடுக்கலாம் என்ற வாதத்தைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் எஸ்.ஏ. அப்பாசி குழுவினர் நீண்ட காலம் ஆராய்ந்தார்கள். வேதியியல் சரி, கணக்குதான் இடிக்கிறது: செடியின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரைச் சுமந்து செல்ல யார் காசு கொடுப்பார்கள்?

மாற்றாகத் தோன்றியது உயிரியல் கட்டுப்பாடு. தாயகத்தில் இச்செடியை எது தின்கிறதோ அதைக் கொண்டுவருவது. 1960களில் காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிறுவனத்துக்காக எஃப்.டி. பென்னெட் டிரினிடாட், கயானாப் பகுதிகளில் தேடினார். ஏன் அங்கே? அங்குதான் ஆரிகுலாட்டா இருந்தது. மூன்று பூச்சிகள் தேறின: பாலினியா என்ற வெட்டுக்கிளி, சாமியா என்ற அந்துப்பூச்சி, சிர்டோபாகஸ் சிங்குலாரிஸ் என்ற கூன்வண்டு. 1974இல் டிரினிடாடிலிருந்து வந்த பாலினியா கேரளத்தில் விடப்பட்டது. நிலைத்தது, ஆனால் களைக்கு வலிக்கவில்லை. ஆப்பிரிக்காவிலும் ஃபிஜியிலும் இதே பூச்சிகளின் விளைவு ஏமாற்றமாகவோ விவாதத்துக்குரியதாகவோ இருந்தது.

தோல்விக்குச் சொன்ன விளக்கங்கள் பல: வெப்பம், எதிரிகள், விட்ட எண்ணிக்கை போதாமை. பின்னோக்கிப் பார்க்கையில் எளிய விளக்கம் ஒன்று முன்னால் நிற்கிறது. தவறான செடியின் எதிரியைத் தேடிப் போய், சரியான செடியின் மேல் விட்டார்கள்.

இரண்டு மில்லிமீட்டர் வண்டு

ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனக் குழு மோலெஸ்டாவின் உண்மைத் தாயகமான பிரேசிலின் ஜாயின்வில் பகுதியிலிருந்து ஒரு கூன்வண்டை எடுத்துவந்தது. தோற்றத்தில் சிங்குலாரிஸ்தான் என்று அவர்களும் எண்ணினார்கள். 1980 ஜூனில் குயின்ஸ்லாந்தின் மௌன்ட் ஐசா அருகே மூன்டாரா ஏரியில் விட்டார்கள். ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் ஏறத்தாழ 200 ஹெக்டேர் மெத்தை பழுப்பாகி மூழ்கியது. 1981இல் நேச்சர் இதழில் பீட்டர் ரூம், ஹார்லி, ஃபார்னோ, டான் சாண்ட்ஸ் நால்வரும் இதை அறிவித்தார்கள். 1985இல்தான் இவ்வண்டு தனி இனம் என்று தெரிந்தது. சிர்டோபாகஸ் சால்வினியே எனப் பெயர் பெற்றது. அதே ஆண்டு யுனெஸ்கோவின் அறிவியல் பரிசும் குழுவுக்குக் கிட்டியது.

இரண்டு வண்டுகளுக்கும் வித்தியாசம் பழக்கத்தில் இருக்கிறது. சிங்குலாரிஸ் பெரும்பாலும் இலையை மேய்கிறது. இலை போனாலும் செடி துளிர்க்கும். சால்வினியேவின் தாய்வண்டு துளிர்மொட்டைத் தின்கிறது, அதன் வெள்ளைப் புழு கிடைத்தண்டுக்குள் குடைந்து செல்கிறது. மொட்டும் தண்டும் போனால் வித்தில்லாத செடிக்கு மிச்சம் எதுவும் இல்லை. பெருகுவதற்கு அதன் ஒரே வழி எதுவோ அதையே இந்த இரண்டு மில்லிமீட்டர் பூச்சி அடைக்கிறது.

இந்தியாவுக்கு இவ்வண்டு 1982-83இல் ஆஸ்திரேலியாவிலிருந்து பெங்களூருக்கு வந்தது. அங்கே ஓர் அல்லிக்குளத்தில் விட்டதும், ஓராண்டுக்குள் அது தெளிந்ததும் கே.பி. ஜெயந்த் 1987இல் வெளியிட்ட கட்டுரையில் உண்டு. கேரளத்தில் பொறுப்பேற்றது கேரள வேளாண் பல்கலைக்கழகம். ஏற்கெனவே 1978இல் இக்களையின் சூழலியல் குறித்து விரிவான தொழில்நுட்ப வெளியீடு எழுதிய பி.ஜே. ஜாயும் அவர் குழுவினரும் திருச்சூர்ப் பகுதியில் தொடங்கிக் குட்டநாடுவரை வண்டைப் பரப்பினார்கள். 1980களின் இறுதிக்குள் குட்டநாட்டு வாய்க்கால்களில் மெத்தை பெருமளவு மறைந்தது. களையெடுப்புக் கூலியில் மட்டும் ஆண்டுக்கு 68 லட்ச ரூபாய் மிச்சம் என்று கணக்கிட்டார்கள். இலங்கையில் இதே வண்டின் பயனைப் பொருளியலாளர் ஒருவர் 1989இல் மதிப்பிட்டபோது, செலவிட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் 53 ரூபாய் திரும்பியதாகக் கண்டார்.

இந்தக் கணக்குகளைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். கூலி மிச்சம் என்பது ஒருவர் கையில் மிச்சம். களை வாரிப் பிழைத்தவருக்கு அது வேலை இழப்பு. மறுபக்கம் மீன்வளம், படகுப் போக்குவரத்து, நீர்த்தாவரங்களின் வேரைத் துளைத்துக் காற்றைப் பெறும் மான்சோனியா கொசு, இவற்றில் கிடைத்த நன்மை கணக்கில் சேரவில்லை. எண்கள் துல்லியமற்றவை, திசை மட்டும் ஐயத்துக்கு இடமில்லாதது.

யாருக்குப் பெருமை?

வண்டு வெற்றிபெற்றது என்ற முடிவை எல்லோரும் முழுதாக ஏற்கவில்லை. எதிர்வாதத்தின் மூலம் கரிபாவில்தான். 1962க்குப் பின் அங்கே களை குறையத் தொடங்கியது. பாலினியா விடப்பட்டதோ 1969க்குப் பின். ஒரு சாரார் வெட்டுக்கிளியைப் பாராட்டினார்கள். மறுசாரார், புதிய நீர்த்தேக்கத்தில் மூழ்கிய காடு அழுகி முதலில் ஊட்டச்சத்து பொங்கியது, அது தீர்ந்ததும் களை இளைத்தது என்றார்கள். காலவரிசை இரண்டாம் வாதத்துக்குச் சாதகம். ஆனால் குறைந்த பின் மீண்டும் எழாமல் தடுத்தது பூச்சியா என்ற கேள்வியை அது தொடுவதில்லை.

பாப்புவா நியூகினியின் செபிக் ஆறு இந்த விவாதத்தை வேறு பக்கம் திருப்பியது. ஊட்டச்சத்து குறைந்த அந்த நீரில் வளர்ந்த செடியில் நைட்ரஜன் மிகக் குறைவு. வண்டு பிழைக்கவில்லை. ஆய்வாளர்கள் சிறு பகுதிகளில் யூரியா தூவினார்கள். களைக்கு உரமிட்டார்கள் என்றே சொல்லலாம். செடி கொழுத்தது, வண்டு பெருகியது, பின் இரண்டும் சரிந்தன. ஊட்டச்சத்து களைக்கு மட்டும் உணவல்ல. அதன் பகைவனுக்கும்தான் என்பது அங்கே தெளிந்தது.

இதுவரை வந்த விளக்கங்களில் மிக நுட்பமானது 2011இல் நேச்சர் இதழில் ஷூலர், சலாவ், ஜூலியன், ஐவ்ஸ் நால்வரும் முன்வைத்தது. ஆஸ்திரேலியாவின் காகடு தேசியப் பூங்காக் குட்டைகளில் சில ஆண்டு களை அடங்குகிறது, சில ஆண்டு காரணமில்லாமல் எழுகிறது. நீண்ட காலத் தரவுகளிலிருந்து அவர்கள் கண்டது: இவ்வமைப்புக்கு இரண்டு சமநிலைகள் உண்டு, வண்டு ஆளும் நிலை ஒன்று, களை ஆளும் நிலை இன்னொன்று. பெருவெள்ளம் வந்து வண்டுள்ள மெத்தையை அடித்துச் சென்றால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அமைப்பு தாவிவிடலாம். ஒருமுறை அடக்கியது என்றும் அடங்கியிருக்கும் என்ற உறுதி இதில் இல்லை.

உப்பும் சாக்கடையும்

கேரளத்தின் தனித்தன்மை இங்கேதான் விவாதத்துக்குள் நுழைகிறது. பிறநாட்டு ஆய்வுகள் இதற்கு விடை தருவதில்லை. சால்வீனியா நன்னீர்ச் செடி. கடல்நீர் பட்டால் விரைவில் மடியும். மழைக்காலத்தில் வேளியின் மணல்திட்டு உடைந்து பொழி என்னும் கடல்வாய் திறக்கும்போதெல்லாம் உப்பு உள்ளே வரும். பழைய குட்டநாட்டிலும் கோடையில் வேம்பநாட்டுக் காயல் உப்பாகும். 1955இல் தோட்டப்பள்ளி வெள்ளப்போக்கியும் 1970களின் நடுவில் தண்ணீர்முக்கம் தடுப்பணையும் அந்த ஆண்டுச் சுழற்சியை மாற்றின. தடுப்பணைதான் களையை வளர்த்தது என்ற வாதம் குட்டநாட்டில் பரவலாகக் கேட்கும். பாதி சரி. களை தீங்காகப் பதிவானது 1964 முதல். தடுப்பணை பத்தாண்டு பிந்தியது. எனவே அணை களையைக் கொண்டுவரவில்லை. அது கோடையில் சாக வேண்டிய களையைச் சாகவிடாமல் காத்திருக்கலாம். உப்பைத் திரும்ப விட்டால் நெல்லுக்கு என்னவாகும் என்ற கேள்வி உடனே எழும். அதனால்தான் இக்கொள்கை தாவரவியலைத் தாண்டி அரசியலாகிவிட்டது.

வேளியில் சூழல் இன்னும் சிக்கலானது. நகரின் நடுவே ஓடும் ஆமயிழஞ்சான் தோடும் மற்ற வடிகால்களும் ஆக்குளம் வழியாக இங்கே சேர்கின்றன. நகரின் கழிவு நைட்ரஜனும் பாஸ்பரஸும் இக்காயலில் இறங்குகின்றன. செபிக் பாடத்தின்படி இது வண்டுக்கும் நல்ல தீனி. ஆனால் சால்வீனியா மெலிந்த இடத்தை ஆகாயத்தாமரை பிடித்துக்கொள்கிறது. மலையாளிகள் அதைக் குளவாழை என்பார்கள். ஆக்குளத்திலும் பார்வதி புத்தனாற்றிலும் இன்று பெரும்பாலும் கண்ணில் படுவது அதுதான். அதற்கான கூன்வண்டுகளும் 1980களிலேயே இந்தியாவுக்கு வந்தன. கேரளத்தில் அவை சால்வீனியா வண்டு தந்த பலனைத் தரவில்லை. கோழிக்கோட்டின் ஆவளப்பாண்டியில் 2020இல் இளஞ்சிவப்பாய்ப் பூத்து மக்கள் கூடிப் படம் எடுத்த கபோம்பாவும் ஓர் அந்நியக் களைதான். ஒரு களையை வென்றால் நீரை வென்றதாகாது என்பதை ஆதரிக்கும் சான்றுகள் இவை. ஊட்டச்சத்தை நிறுத்தாமல் பூச்சியை விடுவது நோயின் ஒரு அறிகுறிக்கு மட்டும் மருந்து என்ற நிலைப்பாடு இங்கிருந்தே வலுப்பெறுகிறது. அதன் பலவீனமும் உண்டு: சாக்கடைச் சீரமைப்பு முடியும்வரை வாய்க்காலில் வள்ளம் ஓட வேண்டாமா?

எஞ்சி நிற்பவை

களையாகத் தொல்லை தந்தாலும் இப்பேரினம் அறிவியலுக்குப் பயன் தருகிறது. 2018இல் முழு மரபணுத்தொகை வாசிக்கப்பட்ட முதல் இரண்டு பெரணிகளில் ஒன்று நம் எலிக்காது, குகுல்லாட்டா; மற்றது அஸோலா. பெரணிகளில் அறியப்பட்ட மிகச் சிறிய மரபணுத்தொகை குகுல்லாட்டாவுடையது. பூச்சிகளைக் கொல்லும் ஒரு புரதத்தின் மரபணு பாக்டீரியாவிலிருந்து இடம்பெயர்ந்து பெரணிகளுக்குள் வந்திருக்கலாம் என்ற சான்றும் அதில் கிடைத்தது. மோலெஸ்டாவின் பெற்றோர் யார் என்ற கேள்விக்கு இனி இவ்வழியில்தான் தெளிவு வர வேண்டும்.

கட்டுப்பாட்டைப் பொறுத்தவரை சான்றுகளை எடைபோட்டால் ஒன்றைத் துணிந்து சொல்லலாம்: 1980களில் கேரளத்தில் மெத்தை சரிந்ததற்கு முதன்மைக் காரணம் சால்வினியே வண்டு. பல நாடுகளில், பல தட்பவெப்பங்களில் அதே வரிசையில் அதே விளைவு ஏற்பட்டிருப்பது தற்செயல் அல்ல. மத்தியப் பிரதேசத்தின் சார்ணியில் உள்ள சத்புரா நீர்த்தேக்கத்தில் ஜபல்பூர் களை ஆராய்ச்சி இயக்ககம் 2019இல் தொடங்கிய முயற்சியும் அதையே காட்டியது. ஆனால் ‘வெற்றி’ என்ற சொல்லுக்கு உலகம் கொஞ்சம் தயங்குவதும் நியாயம். ரிண்டர்பெஸ்ட் கால்நடைநோய் ஒழிந்ததால் உலகின் நூறு கொடிய ஊடுருவிகள் பட்டியலில் காலியான இடத்துக்கு 2013இல் தேர்வானது சால்வீனியா மோலெஸ்டாவே.

தீராத கேள்விகள் மூன்று எனக்கு முக்கியமாகப் படுகின்றன. காகடுவில் கண்ட இரட்டைச் சமநிலை, 2018 போன்ற பெருவெள்ளம் வரும் கேரளக் காயல்களுக்கும் பொருந்துமா? உப்பு நுழையும் மாதங்களில் வண்டு மடிந்து, செடியின் மேல்நீர்த் துண்டுகள் மட்டும் தப்பினால் அடுத்த பருவம் யார் பக்கம்? குளவாழை நிழலில் சால்வீனியா ஒடுங்கியிருக்கிறதா, ஒளிந்திருக்கிறதா?

இவற்றுக்குப் புதிய பூச்சியோ பெரிய நிதியோ தேவையில்லை. வெள்ளாயணி வேளாண் கல்லூரியும் வேளிப் பதிவும் ஒரே ஆண்டில், 1955இல் தொடங்கியவை. கார்யவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டு இடத்திலிருந்தும் வேளிக் காயல் பஸ் தூரம். ஒரு சதுர மீட்டர் சட்டம், ஒரு கைக்கண்ணாடி, உப்பு அளக்கும் கருவி, மாதத்துக்கு ஒரு காலைப்பொழுது. செடியையும் வண்டையும் பத்தாண்டு இடைவிடாமல் எண்ணிக் குறித்துவையுங்கள்.